கூட்டுக்குள்ளேயே முதிரும் கருமுட்டைகள்

வீட்டு ஈ கூட்டிலிருந்து வெளியேறும்போது அதன் சூலகம் முதிர்ந்திருப்பதில்லை. புரத உணவு கிடைத்த பிறகே முட்டைகளில் மஞ்சள் கரு சேரத் தொடங்கும். மாட்டின் முதுகுத் தோலுக்கடியில் புழுவாக வளரும் ஹைப்போடெர்மா என்னும் ஒட்டுண்ணி ஈக்கு அந்த வாய்ப்பே இல்லை, ஏனெனில் முதிர்ந்த ஈயின் வாயுறுப்புகள் சிறுத்துப் பயனற்றுப் போயிருப்பதால் அது எதையும் உண்பதில்லை. நிலத்தில் விழுந்த புழுவின் கடைசித் தோலே இறுகிக் கூடாகிறது. புழுப்பருவத்தில் மாட்டின் உடலிலிருந்து சேர்த்த கொழுப்பும் புரதமும் மட்டுமே அதற்குள் இருக்கும் முதலீடு.

இந்தக் கட்டத்தைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பே மிஞ்சுகிறது. சூலகத்தின் நுண்குழல்களில் ஒரு செல் நான்கு முறை பிரிந்து 16 செல்களாகிறது; அவற்றுள் ஒன்று மட்டுமே கருமுட்டையாகிறது, ஏனைய 15 செல்களும் செவிலியரைப் போல் தம் சரக்கையெல்லாம் மெல்லிய இணைப்புகள் வழியே அதற்குள் செலுத்திவிட்டு இறுதியில் அழிகின்றன. புழுவின் தசைகள் கரைந்து ஈயின் உடல் உருவாகும் அதே கூட்டுக்குள், நூற்றுக்கணக்கான முட்டைகளும் மஞ்சள் கரு நிரம்பி, ஓடு பூண்டு முதிர்கின்றன. குளிர் மிகுந்தால் எல்லாமே மெதுவாகும். வெளிவந்த பெண் ஈ இணைசேர்ந்ததும் தாமதமின்றி மாட்டின் ரோமங்களில் முட்டைகளை ஒட்டத் தொடங்குகிறது. அதன் ஆயுள் சில நாட்களே. பறக்கும் பருவத்தைத்தான் நாம் ஈ என்கிறோம், ஆனால் இனப்பெருக்கத்தின் பெரும்பகுதி வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.