கண்ணாடி என்று தொடங்காதீர்கள்: தமிழ் விருப்பப்பாடம், கட்டுரைத் தாள் அனுபவம்

குடிமைப் பணித் தேர்வின் மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது. தேர்ச்சிப் பட்டியலில் பெயர் இருக்கிறது. எந்தப் பணி கிடைக்கும் என்று இன்னும் தெரியாது, ஆனாலும் ராத்திரியில் தூக்கம் வருகிறது. வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள்: தமிழ் எடுத்தால் மதிப்பெண் விழுமா? எனக்கு விழுந்தது. தமிழ் முதல் தாளும் கட்டுரைத் தாளும்தான் என்னைக் கரை சேர்த்தன. பொதுப்படிப்புத் தாள்களைப் பற்றி மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பாடத்திட்டம் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. கலை சமூகத்தைக் காட்டுகிறதா, கலைஞனைக் காட்டுகிறதா? முதல் தாளில் இது சமூகவியல் அணுகுமுறை, உளவியல் அணுகுமுறை என்ற பெயரில் வரும். இரண்டாம் தாளில் ஒரு பாட்டைக் கொடுத்து நயம் கேட்கும்போது ஒளிந்துகொண்டு வரும். கட்டுரைத் தாளில் பொன்மொழி வேடத்தில் வரலாம். இதை ஒருமுறை உருப்படியாக யோசித்து வைத்தால் மூன்று தாளுக்கும் ஆகும்.

முக்கால்வாசிப் பேர் 'இலக்கியம் காலத்தின் கண்ணாடி' என்றுதான் தொடங்குகிறார்கள். மாதிரித் தேர்வுத் தாள்களை நண்பர்கள் எங்களுக்குள் மாற்றித் திருத்துவோம். அந்த வரியைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது, உண்மையான திருத்துநரின் கதி என்னவாக இருக்கும்! அப்புறம் சமூகத்துக்கு ஒரு பத்தி, கலைஞனுக்கு ஒரு பத்தி, முடிவில் 'ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்'. இது பதில் இல்லை, பஞ்சாயத்து.

எனக்கு இதில் வெளிச்சம் கிடைத்தது எங்கள் வியாசர்பாடியில் ஒரு சாவு வீட்டில். இறந்தவர் ஹார்பரில் வேலை பார்த்த பெரியவர். ராத்திரி கானா பாட ஒரு அண்ணன் வந்திருந்தார். மூத்த மகன் ஒரு நோட்டுத் தாளில் சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் எழுதிக் கொடுத்தார். "பேரன் பேத்தி எல்லாம் எழுதிட்டியா? அப்பால வுட்டுப்போச்சின்னு சொல்லக்கூடாது" என்று கேட்டு வாங்கி, அதை மடித்து மைக் ஸ்டாண்டில் செருகிக்கொண்டார். மெட்டு எல்லோருக்கும் தெரிந்த பழைய சினிமா மெட்டு. 'பெத்த தாயி, வளர்த்த தகப்பன்' வரிகளும் எந்தச் சாவிலும் கேட்பவைதான். நடுவில் திடீரென்று, தண்ணி லாரி வந்தால் பெரியவர் குடத்தோடு போய்ப் போடும் சண்டையை நுழைத்தார். அதுவரை அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த வேகத்தில் முன்னைவிடச் சத்தமாக அழுதார்கள்.

டீ குடிக்கும்போது கேட்டேன்: "மெட்டு ஊருது, பேரு அந்த வீட்டுது, உங்களுது எதுண்ணா?"

"தண்ணி லாரிய எங்க வெச்சேன்னு பார்த்தியா? அது நம்புளுது தம்பி."

அன்றைக்கே என் விடைக்கு மூன்று கேள்விகள் கிடைத்துவிட்டன. எந்தப் படைப்பை எடுத்தாலும் இந்த வரிசையில் கேளுங்கள்: இதில் ஊரின் சங்கதி எது? மரபு கொடுத்தது எது? இவர் மட்டுமே வைத்தது எது? பெரும்பாலோர் நடுக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். சமூகம் கலைஞன் தலையில் நேராக இறங்குவதில்லை, மரபு வழியாகத்தான் வருகிறது. இதை எழுதினாலே உங்கள் தாள் தனியாகத் தெரியும்.

குறுந்தொகை 25ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 'யாரும் இல்லை தானே கள்வன்'. களவில் கூடியவன் மறுத்துவிட்டால் பெண்ணுக்குக் கேட்க நாதியில்லை. இது ஊர். தலைவிக்கும் தலைவனுக்கும் பெயர் கிடையாது. இது மரபு, 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் கறாராகச் சொல்லிவிட்டது. தினைத்தாள் போன்ற மெல்லிய காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டு நின்ற குருகு? அது கபிலர். சாட்சி இருக்கிறது, ஆனால் அதன் கவனம் மீனில். தண்ணி லாரி மாதிரிதான், வைத்த இடம் அப்படி.

மரபின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று காட்ட நெடுநல்வாடை. முழுக்கப் பிரிவுத் துயரம், ஆனால் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியன் அடையாளம், ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே இது காதலைப் பாடும் அகம் அல்ல, புறம் என்றார்கள் உரைகாரர்கள்.

கட்டுரைத் தாளுக்கு வள்ளலாரை வைத்துக்கொண்டேன். வடசென்னைக்காரனுக்கு அவரை விட்டால் யார்? ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்தவர், கந்தகோட்டத்தையும் திருவொற்றியூரையும் பாடியவர். ஏழுகிணறு வீட்டில் கண்ணாடி முன் உட்கார்ந்தவருக்குத் தணிகை முருகன் தெரிந்தான் என்று வரலாறு சொல்கிறார்கள். கண்ணாடி உவமையை விடவே முடியாது என்பவர்கள் இந்தக் கண்ணாடியையாவது எழுதுங்கள், எதிரில் இருப்பதைக் காட்டாத கண்ணாடி! வீடுதோறும் இரந்தும் பசி தீராமல் அயர்ந்தவர்களை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் ஏராளம். வாடிய பயிருக்கும் சேர்த்து வாடியவர் அவர். கதை அதோடு நிற்கவில்லை, 1867இல் வடலூரில் தருமச்சாலை அடுப்பு எரியத் தொடங்கியது. சமூகத்திலிருந்து பாட்டு, பாட்டுப் பாடியவரிடமிருந்து சமூகத்துக்குச் சோறு. 'பிரதிபலிப்பு' என்ற சொல்லுக்குள் இதை அடைக்க முடியாது என்பதுதான் என் கட்டுரையின் வாதமே.

கானாவையும் எழுதினேன். ஒரு பயிற்சி மையத்தில், "இதெல்லாம் தாளில் வேண்டாம்ப்பா, முகம் சுளிப்பார்கள்" என்று சொல்லியிருந்தார்கள். பாடத்திட்டத்தில் நாட்டுப்புறவியல் இருக்கிறது. ஏற்றப்பாட்டு செல்லும், ஒப்பாரி செல்லும், புளியந்தோப்பில் பாடினால் மட்டும் செல்லாதா? அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தால் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

இனிச் சில்லறை விஷயங்கள்:

- மேல்நாட்டு விமர்சகர் ஒருவர் போதும். நான் டி. எஸ். எலியட்டை மட்டும் வைத்திருந்தேன். கவிதை ஆளுமையின் வெளிப்பாடல்ல, ஆளுமையிலிருந்து தப்பித்தல் என்று 1919இல் எழுதினார். பெயர் சுட்டாத அகமரபுக்குப் பக்கத்தில் வைத்தால் கச்சிதம்.
- பத்து மதிப்பெண்ணுக்கு ஓர் எடுத்துக்காட்டு. இருபதுக்கு இரண்டு. நான் மெதுவாக எழுதுகிற ஆள், அதனால் இப்படி. வேகமாக எழுதுகிறவர்களும் குறைத்துக்கொள்வதே நல்லது என்பேன்.
- சித்திரப்பாவையின் நாயகன் ஓவியன், இந்தக் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த நாவல். கதைச்சுருக்கம் எழுத ஆரம்பித்தால் போச்சு.
- மேற்கோள் வரி தடுமாறினால் சொந்த நடையில் பொருளை எழுதுங்கள். அரைகுறை வரி ஆபத்து.
- சீக்கிரமே ஒரு பக்கம் சாயுங்கள். நான் கலைஞன் பக்கம் சாய்ந்தேன், நீங்கள் மறுபக்கம் போனாலும் பாதகமில்லை.

பயிற்சிக்கு முத்துப்பட்டன் கதை என்ற நாட்டுப்புறக் கதைப்பாட்டை எடுங்கள். ஆசிரியர் பெயரே இல்லாத படைப்பில் 'இவர் மட்டுமே வைத்தது' எதுவென்று தேட வேண்டும், அதுதான் சிக்கல். பிராமணனான பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தாலும் பிறப்பால் பிராமணப் பெண்கள் என்றொரு கிளைக்கதை அதில் ஒட்டியிருக்கிறது. பிறகு சேர்த்த ஒட்டு என்று பார்த்தால், பாடியவன் வைத்ததை ஊர் திருத்திய கதை அது. நா. வானமாமலை பதிப்பின் முன்னுரையோடு சேர்த்துப் படித்துவிட்டு, பதினைந்து மதிப்பெண் அளவுக்குக் கையால் எழுதிப் பாருங்கள். செல்போனில் தட்டிப் பார்ப்பது கணக்கில் வராது.