ஹார்னுக்கும் ஆன்டெனாவுக்கும் ஒரே கணக்கு

டர்பனில் பழைய தியேட்டர் ஸ்பீக்கர் ஹார்ன் கண்ணில் பட்டால் அலுமினிய விலைக்கு எடை போட்டுவிடாதீர்கள். ஒரு வாட்டுக்கு 105 டெசிபலைத் தாண்டும் டிரைவர் (ஒலியை எழுப்பும் பகுதி) அதில் இருக்கலாம். அப்படி இருந்தால், மின்வெட்டு நேரத்தில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சிறிய கோயில் மண்டபத்துக்கு 12 வோல்ட் பேட்டரியும் 5 வாட் ஆம்ப்ளிஃபையரும் போதும்.

இந்தத் திறன் காந்தத்தால் மட்டும் வருவதல்ல. டிரைவருக்குள் அதிரும் தகடான டயஃப்ரம் கனம், காற்று லேசு. நேராகத் தள்ளினால் காற்று விலகிப்போகும், சக்தி ஏறாது. மெல்ல விரியும் ஹார்ன் இரண்டையும் இணக்குகிறது. டிரான்ஸ்மிட்டரையும் ஆன்டெனாவையும் மேட்ச் செய்யும், மெல்ல அகலம் மாறும் டேப்பர் லைனுக்கும் இதே வேலைதான். உறவு தற்செயலும் அல்ல: வென்டேயும் துராஸும் 1926-ல் 555 என்ற ஹார்ன் டிரைவரைத் தந்த அமெரிக்க ஆய்வகமான பெல் லேபிலிருந்துதான், ரேடியோ அலையைக் குழாய்க்குள் கொண்டுபோகும் வேவ்கைடு பற்றிய சவுத்வொர்த்தின் ஆய்வு 1936-ல் வெளிவந்தது. 1949-ல் அங்கேயே காக்கும் ஹார்வியும், மைக்ரோவேவ் லென்ஸ் போன்ற அமைப்பு ஒலியையும் வளைக்கும் என்று காட்டினார்கள். 10 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை 3 செ.மீ. நீளம், 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி 3.4 செ.மீ.: கிட்டத்தட்ட ஒரே அளவு. ஸ்பீக்கர் நிறுவனமான ஜேபிஎல்லின் சாய்தகட்டு லென்ஸ் அந்த வழியில் வந்தது.

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. வேவ்கைடில் கட்-ஆஃப் (அதற்குக் கீழே அலை போகாத அதிர்வெண்) குழாயின் அகலத்தால் வருகிறது. சம தூரத்துக்கு ஒருமுறை பரப்பு இரட்டிக்கும் எக்ஸ்பொனென்ஷியல் ஹார்னில் விரியும் வேகத்தால் வருகிறது. 300 ஹெர்ட்ஸ் கட்-ஆஃப் வேண்டுமென்றால் பரப்பு 6.3 செ.மீ.க்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டும். வாயின் (அகன்ற முனையின்) சுற்றளவு ஓர் அலைநீளம், அதாவது விட்டம் 36.5 செ.மீ. தொண்டை (டிரைவர் பக்கக் குறுகிய முனை) விட்டம் 25 மி.மீ. என்றால் நீளம் 49 செ.மீ. வூஃபரிடமிருந்து (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஹார்ன் பொறுப்பேற்கும் அதிர்வெண்ணான கிராஸ்ஓவரை 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்காதீர்கள். கட்-ஆஃபுக்குக் கீழே காற்றுச் சுமை இல்லாததால் டயஃப்ரம் வீணாக ஆடி உடையும்.

இதற்காக 16 ஓம் டிரைவருக்கு 20 மைக்ரோஃபாரட் பாலிப்ரோப்பிலீன் கப்பாசிட்டரைத் தொடராகப் போடுங்கள். பழைய எலக்ட்ரோலிடிக் காய்ந்திருக்கும், நம்பக் கூடாது. வூஃபர் ஹார்னைவிட 10 டெசிபல் குறைவாக இருந்தால், கப்பாசிட்டருக்கு அடுத்து 11 ஓம் தொடராகவும், டிரைவருக்கு இணையாக 7.5 ஓமும். கப்பாசிட்டர் பார்க்கும் சுமை அப்போதும் 16 ஓமாகவே நிற்கும். ரேடியோக்காரர்கள் சிக்னலைக் குறைக்க வைக்கும் அட்டெனுவேட்டர் பேடும் இப்படித்தான். அல்நிகோ காந்தத்தை மட்டும் பிரிக்காதீர்கள், பிரித்தால் வலு இறங்கும்.

கடைசியில் 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து டிரைவரின் இம்பீடன்ஸை (அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடையை) அளந்து பாருங்கள். ஆன்டெனா கேபிளில் திரும்பி வரும் அலை ஸ்டாண்டிங் வேவ் (நிலை அலை) ஆவது போல, இங்கே வளைவில் அலையலையாக மேடு தெரியும். 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மேடுகள் சுமார் 350 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வந்தால் குற்றம் வாயில். வாய் விளிம்பை உருட்டிவிடுங்கள் அல்லது பலகையில் சமமாகப் பதியுங்கள். டர்பன் ஈரத்தில் எம்டிஎஃப் (மரத்தூள் அட்டைப் பலகை) ஊதிவிடும், மரைன் பிளைவுட் வாங்குங்கள். உச்ச அதிர்வெண்ணில் மட்டும் கோளாறு என்றால் தொண்டைச் சந்திப்பைக் கழற்றிப் பாருங்கள்: பெரும்பாலும் கேஸ்கெட் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்.