நாலு கிலோ கூட

தராசில் பெட்டியை வைத்ததும் மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

கப்பலில் விடுகிற நிறையைவிட நாலு கிலோ கூட.

நேற்றிரவு பெட்டியோடு ஒருதரம், பெட்டியில்லாமல் ஒருதரம் வீட்டுத் தராசில் ஏறி நின்று கழித்துப் பார்த்தவர். "அப்ப என்ரை நிறையிலைதான் பிழை" என்றார்.

யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைத் துறைமுக வரிசையிலேயே பெட்டியைத் திறந்தோம். ஒடியல் மா, புழுக்கொடியல், மிளகாய்த்தூள், பனையோலையில் கட்டிய பனங்கட்டிக் குட்டான்கள். எல்லாம் சென்னையில் இருக்கும் மகளுக்கு.

சாமான் தூக்க நின்ற தம்பி எட்டிப் பார்த்தார். "எல்லாரும் போகேக்கை வெறும் பெட்டி, வரேக்கைதான் பாரம். நீங்கள் மாறிச் செய்யிறியள் அம்மா."

சரிதான். 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டதிலிருந்து சேலைக்கும் துணிக்கும் போய்வருகிற ஆட்கள்தான் எனக்கும் தெரியும்.

மியாமியில் உல்லாசக் கப்பல் ஏறிய மச்சாள் வேறு கதை சொன்னாள். துறைமுக வாசலில் போர்ட்டரிடம் பெட்டியைக் கொடுத்து, பெட்டிக்கு இரண்டு டொலர் கையில் வைத்தாளாம். பின்னேரம் பெட்டி அவளுடைய அறை வாசலில். யாரும் நிறுக்கவே இல்லையாம்! மிதக்கிற ஹோட்டலுக்கும் நாலு மணித்தியாலப் படகுக்கும் ஒரே சட்டம் இருக்காதுதான். இருந்தாலும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் என்னோடு வீடு திரும்பின. குட்டான்களை மட்டும் மாமி கைப்பைக்குள் திணித்தார்.

"அதையும் நிறுத்தால்?"

"நிறுக்க முதல் சாப்பிட்டிடுவன்."