காண்டர்ஷ்டெக் புறப்படும்வரை

ஏப்ரல் 14
சித்திரை முதல் நாள். சுவிட்சர்லாந்தின் காண்டர்ஷ்டெக் சாரணர் முகாமுக்குப் போகிறவர்களின் பட்டியல் முடிவாகிவிட்டது: எட்டுப் பையன்கள், இரண்டு சாரண ஆசிரியர்கள். முதல் முடிச்சு பெயரில் விழுந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஒருவன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கிறது. இன்னொருவனுக்கு அந்தக் கட்டமே காலி. பிறப்புச் சான்றிதழில் வெறும் 'எஸ்'. டிக்கெட், காப்பீடு, விசா படிவம், முகாம் பதிவு, மாநிலத் தலைமையகம் வழியாக வரவேண்டிய அறிமுகக் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலேதான் இருக்கவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் இப்போதே திருத்திவிடவேண்டும். பாஸ்போர்ட் முகாம் முடிந்து குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாகவேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்கவேண்டும்.

ஏப்ரல் 19
ஓர் அப்பா கேட்டார்: "ஏலகிரியும் 1,100 மீட்டர், அந்த ஊரும் 1,200 மீட்டர்தான். ஏலகிரிக் குளிரைத் தாங்குற பையனுக்கு அங்க என்னங்க சார்?" நியாயமான கேள்வி. ஆனால் வேலூர் 13 டிகிரி அட்சரேகையில், காண்டர்ஷ்டெக் 46-க்கும் மேலே. ஜூலை இரவு 10 டிகிரிக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். அதைவிட முக்கியம், அங்கே கோடைதான் மழைக்காலமும். குளிரைப் போர்த்திச் சமாளிக்கலாம். நனைந்த பையனுக்குக் காற்று பட்டால் 12 டிகிரியிலேயே நடுக்கம் வந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு வெயில் தெரியும், தாகம் தெரியும். நாள் முழுக்க ஈரத்தில் இருந்து பழக்கமில்லை.

ஏப்ரல் 20
பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

ஏப்ரல் 27
ஷூ. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் ஐரோப்பாவுக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர்கள். அதனால் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் நல்ல பூட்ஸ் கிடைக்கிறது. மேல்தோலைப் பார்த்து ஏமாறக்கூடாது, அடிப்பாகத்தைப் பார்க்கவேண்டும். பாலியூரித்தேன் சோல் வருஷக்கணக்கில் கிடங்கில் கிடந்தால் காற்றிலுள்ள ஈரமே அதைச் சிதைத்துவிடும். வெளியே புதிதாகத் தெரியும், பத்துக் கிலோமீட்டர் நடந்ததும் பொடிப்பொடியாக உதிரும். சோல் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தவேண்டும்: பள்ளம் அப்படியே நின்றாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, வேண்டாம்.

அளவு பார்ப்பது மாலையில், கால் வீங்கியிருக்கும்போது, போடப்போகும் தடித்த சாக்ஸோடு. முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம். படியில் இறங்கும்போது விரல்நுனி இடித்தால் ஒரு சைஸ் மேலே. முதல் வாரம் வீட்டில் தினம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் கோட்டை அகழியைச் சுற்றி, பிறகு பையோடு. காலில் எரிகிற இடம் தெரிந்த உடனே டேப் ஒட்டவேண்டும். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை.

நனைந்தால் செய்தித்தாளை உள்ளே திணித்து, இரண்டு மணிக்கொருதரம் மாற்றவேண்டும். அடுப்போரம் வைத்தால் தோல் வெடிக்கும். தோல் தொழிற்சாலை வீட்டுப் பையன்கள் இரண்டு பேருக்கு இதைச் சொல்லித்தரவே தேவைப்படவில்லை.

மே 6
அக்னி நட்சத்திரம். பயிற்சி காலை ஐந்தரைக்குத் தொடக்கம், எட்டரைக்கு முடிவு. அதற்குமேல் மைதானத்தில் நிற்கமுடியாது.

இரண்டு கம்புகளைக் குறுக்காக வைத்துக் கயிற்றால் கட்டும் சதுரக் கட்டு இன்னும் வழுக்குகிறது. காரணம் ஒன்றே: மூன்று சுற்று சுற்றியதும் குறுக்கிறுக்கத்தை ஒப்புக்குப் போட்டு முடிக்கிறார்கள். அந்த இறுக்கம்தான் கட்டின் உயிர். கம்புகளுக்கு இடையே கயிற்றை இரண்டு முறையாவது சுற்றி, கால் கொடுத்து இழுக்கவேண்டும். பச்சைச் சவுக்குக் கம்பு காயும்போது சுருங்கும், மறுநாள் காலையில் திரும்ப இறுக்கவேண்டும்.

மே 7
போர்வெல் மோட்டாரில் ஹோஸ் மாட்டி, இரண்டு கூடாரத்துக்கும் இருபது நிமிஷம் 'மழை' பெய்வித்தோம். புலி அணியின் கூடாரத்தில் நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். கூடாரத்தில் குறையே இல்லை. கீழே விரித்த தார்ப்பாய் கூடாரத்தின் ஓரத்தைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே வழிந்த நீரையெல்லாம் அதுவே ஏந்தி அடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. ஓரத்தை உள்ளே மடிக்கவேண்டும், நாலு பக்கமும், வெளியே ஒரு விரல்கூடத் தெரியாமல்.

மயில் அணியின் கூடாரத்தில் பைகளைச் சுவரில் சாய்த்திருந்தார்கள். உள்துணி வெளித்துணியைத் தொட்ட இடத்தில் எல்லாம் கசிவு. இழுகயிறு தளர்ந்தாலும் இதேதான்.

மே 15
அதிகாலையில் காட்பாடியில் ரயிலேறி, சென்னையில் விசா மையம். எட்டுப் பேரும் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள், எல்லாருக்கும் விரல்ரேகை. அப்பா, அம்மா இருவரின் சம்மதக் கடிதம் நோட்டரியோடு. குவைத்தில் இருக்கும் அப்பாவின் கடிதம் அங்கே தூதரகத்தில் சான்று வாங்கி வந்தது. காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது, போகும் நாளும் திரும்பும் நாளும் அதில் அடங்கவேண்டும். ஒரு புகைப்படம் அளவில் தவறு: 35-க்கு 45 மில்லிமீட்டர் வேண்டும். அங்கேயே மீண்டும் எடுத்தோம்.

விசா முடிவுக்கு 15 நாள் என்பது விதி. சில கோப்புகளுக்கு 45 நாள்வரை ஆகலாம் என்பதும் விதி.

மே 16
நாள் 1.

மே 24
சமையல். 1,200 மீட்டரில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு சீக்கிரம் வேகாது, எரிவாயு வீணாகும். பாசிப்பருப்புதான்: ஆளுக்கு 50 கிராம், இங்கேயே லேசாக வறுத்து, அங்கே அரைமணி ஊறவைத்து. அரிசி ஒரு வேளைக்கு ஆளுக்கு 120 கிராம், பத்துப் பேருக்கு 1.2 கிலோ. அதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

புளிக்காய்ச்சல் இரண்டு வேளைக்கு: புளி 250 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி. எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை இறக்கக்கூடாது. கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் பூஞ்சை பிடித்துவிடும். இங்கேயும் ஈரம்தான் எதிரி.

பையன்களின் வீட்டாருக்குச் சொல்லவேண்டியது: நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை எதுவும் வேண்டாம். எல்லையில் பறித்துவிடுவார்கள். ஆசையாகச் செய்து கொடுத்தது குப்பைக்குப் போவதைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது.

ஜூன் 2
நாள் 18. ஒன்றும் வரவில்லை.

முதுகுப்பை: உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 40 கிலோ பையனுக்கு 8 கிலோ, அதற்குமேல் ஒரு டம்ளர்கூட வேண்டாம். கனமானவை முதுகை ஒட்டி, நடுவில். இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகுதான் தோள்பட்டை. மழையுறையை மட்டும் நம்பக்கூடாது, முதுகுப் பக்கமாக நீர் இறங்கும். பைக்குள்ளே தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று. துணி எல்லாம் அதற்குள்.

ஜூன் 9
ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று எண்கள் போட்டிருக்கிறது. 'கம்ஃபர்ட்' எண்ணை மட்டும் பார்த்து வாங்கவேண்டும். மற்றவை சுகமாகத் தூங்குவதற்கான அளவு இல்லை. அடியில் ஃபோம் விரிப்பு கட்டாயம். கோரைப்பாய் உதவாது, தரையீரம் ஏறும்.

குளிருக்குப் பயந்து பையன்கள் கூடாரத்தின் காற்றுவழியை மூடிவிடுவார்கள். நான்கு பேர் விடும் மூச்சு விடியும்போது உள்சுவரில் நீராக வழியும், ஒழுகுகிறது என்று பதறுவார்கள். காற்றுவழி திறந்தே இருக்கட்டும்.

ஜூன் 15
பவர் பேங்க் கைப்பையில். கத்தி, கூடார முளைகள் பெரிய பெட்டியில். கேஸ் குப்பி எதிலும் கூடாது. பழைய அடுப்பின் முனையில் கேஸ் வாடை அடித்தால் அந்த அடுப்பையும் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். சோப்புநீரில் கழுவிக் காயவைத்தாயிற்று.

ஜூன் 20
விசாவுக்குக் கொடுத்ததில் ஆறு பாஸ்போர்ட் வந்தன.

ஜூன் 21
அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். விளக்கணைப்பு நேரத்தில் பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். கண்ணைக் கட்ட ஸ்கார்ஃபே போதும்.

இன்று பையன்களுக்கு அந்த இடத்தின் கதை சொன்னோம். லோட்ச்பெர்க் ரயில் சுரங்கம் தோண்டியவர்கள் தங்கிய மரவீடு, 1923-இலிருந்து உலகச் சாரணர்களின் வீடு. காட்பாடி சந்திப்பின் பிள்ளைகள். சுரங்கம் என்றதும் கேள்விகள் நிற்கவே இல்லை.

ஜூன் 26
நாள் 42. இரண்டு இன்னும் வரவில்லை. அந்த இருவரில் ஒருவனின் அம்மா தினமும் கூப்பிடுகிறார், "வந்துடுச்சாங்க சார்?" பதில் இல்லை.

ஜூன் 27
உண்ணி. புல்வெளி நடைக்குப்பின் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, காதின் பின்புறம் பார்க்கவேண்டும். ஊரில் மாட்டுக்குச் செய்வதுபோல மண்ணெண்ணெய் தடவக்கூடாது. முனை கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக இழுக்கவேண்டும். எடுத்த தேதியை எழுதிவைக்கவேண்டும்.

ஜூன் 29
நாள் 45. ஒன்று வந்தது.

ஜூலை 1
கடைசிப் பை சோதனை. எட்டுப் பைகளையும் பிரித்தோம். மூன்றில் ஜீன்ஸ். எடுத்தாயிற்று. ஒவ்வொருவருக்கும் தூங்குவதற்கென்று ஒரு ஜோடிக் கம்பளி சாக்ஸ், தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி. பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக்கூடாது.

எட்டாவது பையையும் கட்டியே வைத்திருக்கிறோம்.