கழுவாமல் விடுவதும் மெக்கானிக் வேலைதான்

சேறு, புல், மணல் என்று கரடுமுரடான சுற்றுப்பாதையில் நடக்கும் சைக்கிள் பந்தயமான சைக்ளோகிராஸில் மெக்கானிக் வேலை என்றாலே கழுவுவதுதான். சுற்றுப்பாதை சுமார் மூன்று கிலோமீட்டர் இருக்கும். சைக்கிள் மாற்றும் இடமான பிட்டை வீரர் ஒரு சுற்றில் இரண்டு முறை கடப்பார். சேற்றுப் பந்தயத்தில் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சேறு அப்பிய சைக்கிள் கைக்கு வரும், கழுவியது வெளியே போகும். அதே பழக்கத்தோடு பனியில் போய் நின்றால் மாட்டிக்கொள்வோம். மைனஸ் ஐந்து டிகிரியில் பிரஷர் வாஷர் அடித்தால் சைக்கிள் பளபளக்கும். ஆனால் அடுத்த முறை அது கைக்கு வருவதற்குள் கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பின் டீரெய்லரின் சின்னப் பல்சக்கரங்கள் ஐஸில் இறுகியிருக்கும், கேபிள் உறைக்குள் புகுந்த நீர் உறைந்து கியர் நகராது.

பனியை விட மோசமானது தண்ணீர். இத்தாலியின் வால் டி சோலேயில், வெர்மிலியோவில் 2021 டிசம்பரில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயம் மாதிரி உயரமான இடத்தில், இறுக்கி அழுத்திய காய்ந்த பனியில் சைக்கிளில் அதிகம் ஒட்டாது. ஓங்கித் தரையில் ஒரு தட்டு, பிரஷ்ஷால் பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டிலும் பிரேக் காலிப்பர் பக்கமும் இரண்டு தேய்ப்பு, அது போதும். (குளிர்கால ஒலிம்பிக்கில் பனியிலும் ஐஸிலும் ஆடும் விளையாட்டுக்கே இடம் என்பதால், அந்தப் பந்தயத்தைப் பலரும் சைக்ளோகிராஸை அதில் சேர்ப்பதற்கான ஒரு வெள்ளோட்டமாகவே பார்த்தார்கள்.) தொல்லை எல்லாம் பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான். காலையில் கல்லாய் உறைந்த தடம், மதியம் கூழாகக் குழைந்து, சாயங்காலம் மறுபடி உறையும். அப்போது கழுவத்தான் வேண்டும். கழுவிய கையோடு துணியால் துடைத்து, டீரெய்லரிலும் பெடலிலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பீய்ச்சினால் மிச்ச நீர் உறையாமல் இருக்கும். கார் கண்ணாடி கழுவும் திரவமும் உதவும், ஆனால் அதில் சோப்பு கலந்திருப்பதால் பிரேக் டிஸ்க் பக்கம் போகக் கூடாது. வாஷர் குழாயில் நீர் நின்றால் அடுத்த ஐந்து நிமிடத்தில் அது ஐஸ் கம்பி ஆகிவிடும். ஒன்று, மெல்லிய தாரையாக ஓடவிட வேண்டும். இல்லையென்றால் முழுக்க வடித்துவிட வேண்டும். பிளாஸ்கில் வெந்நீர் இல்லாமல் பிட்டுக்குப் போகவே கூடாது.

டயரில்தான் பந்தயமே இருக்கிறது. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐயின் விதிப்படி அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, டயரில் ஆணி கூடாது. ஷூ நுனியில் ஆணி போட்டுக்கொள்ளத் தடையில்லை. ஆகவே பிடிமானம் கிடைக்க வழி காற்றைக் குறைப்பதுதான். வீரரின் எடையைப் பொறுத்து 15 முதல் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை. இந்த அளவில் ஒரு பிஎஸ்ஐ கூடக் குறைவது நன்றாகத் தெரியும். இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். 20 டிகிரி சூடுள்ள அறையில் 20 பிஎஸ்ஐ அடித்து, மைனஸ் ஐந்தில் கொண்டுபோய் நிறுத்தினால் டயரில் சுமார் 17தான் இருக்கும். காற்று எங்கும் கசியவில்லை, குளிரில் அதன் அழுத்தம் இறங்கியிருக்கிறது, அவ்வளவே. 20 தேவைப்படும் வீரருக்கு 17இல் உறைந்த தடத்தின் விளிம்பு ரிம்மை இடிக்கும், வளைவில் ட்யூபுலர் (ரிம்மில் பசையால் ஒட்டிய டயர்) ரிம்மை விட்டுப் பிதுங்கப் பார்க்கும். ஆகவே சக்கரங்களை அரை மணி நேரமாவது வெளியே வைத்துவிட்டு, அங்கேயே அளந்து சரிசெய்ய வேண்டும். கேஜுக்குக் கேஜ் அளவு மாறும் என்பதால் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே கேஜ்.

பெடலை நிறுத்தினாலும் பின் சக்கரத்தைச் சுற்றவிடும் ஃப்ரீஹப்பைப் பலரும் மறந்துவிடுவார்கள். உள்ளே கெட்டியான கிரீஸ் இருந்தால் குளிரில் அது மெழுகு போலாகி, சின்னப் பற்களை மடங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பெடல் சுற்றும், சக்கரம் நகராது. முதல் நாளே திறந்து, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் விடுவதுதான் வழி. பந்தயத்தின் நடுவே இப்படி ஆனால் ஹப் மேல் வெந்நீர் ஊற்றி வண்டியைக் காப்பாற்றலாம், ஆனால் அந்த நீரே பத்து நிமிடத்தில் உறையும். அதை ஒரு சுற்றுக்கான வைத்தியம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எலக்ட்ரானிக் கியரின் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். கழற்றக்கூடிய வகை என்றால் உபரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும்.

வண்டியைக் கைமாற்றும்போது வலது பெடல் முன்னால், சற்று மேலே நிற்கட்டும். ஓடி வரும் வீரரின் ஷூ அடியில், பெடலில் மாட்டும் கிளீட்டில் பனி கெட்டியாகி ஒட்டியிருக்கும், பெடலில் சட்டென்று மாட்டாது. பெடலிலாவது ஐஸ் இல்லாமல் இருக்க வேண்டும். ஒருவர் பழைய சைக்கிளைப் பிடிக்க, இன்னொருவர் புதியதைத் தர என்று இரண்டு பேர் இருந்தால் நிம்மதி. ஈரமான டிஸ்க்கில் முதல் பிடி பிடிக்காது. அதனால் வெளியே போனதும் பிரேக்கை லேசாக உரசவிடச் சொல்லி அனுப்புவது வழக்கம்.

பந்தயம் முடிந்து சைக்கிளை அறைக்குள் கொண்டுபோனதும் எல்லா ஐஸும் உருகி பேரிங்குகளுக்குள் இறங்கும். அன்று இரவே துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் பேடுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தேய்ந்து அரை மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால் மறுநாளுக்கு அது ஆகாது.