"எடிட் வரல" என்றதும் அட்மின் ஆக்கிவிடாதீர்கள்: ஈலாக் கணக்குகளும் அனுமதிகளும்

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் ஷிஃப்ட் லாக்புக்கை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற சிக்கல் இது. சூப்பர்வைசர் கொழுந்து எடையைத் தப்பாகப் போட்டுவிடுகிறார். 1,840 கிலோ 18,400 ஆகிவிடுகிறது. திருத்தப் போனால் எடிட் பட்டனைக் காணோம். "சாரே, எனக்கு எடிட் வரல" என்று ஆபீசுக்குப் போன் வருகிறது. ஆபீசில் இருப்பவர் அவர் பெயரை அட்மின் யூசர் வரியில் சேர்த்துவிடுகிறார், பிரச்சினை அந்த நிமிஷமே தீர்கிறது. இப்படியே போனால் ஒரு வருஷத்தில் பாதி ஃபேக்டரி அட்மின். டிரையர் எரிந்த அன்று இன்லெட் வெப்பநிலையை யார் எழுதினார், யார் பிறகு மாற்றினார் என்று பார்க்கப் போனால், யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம் என்ற நிலை. லாக்புக் வைத்ததன் நோக்கமே அதோடு போய்விடுகிறது.

இங்கே பேசுவது ஈலாக் பற்றி. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் ஸ்டீஃபன் ரிட் எழுதிய இலவச மென்பொருள். ஆய்வுக்கூடங்களுக்காகப் பிறந்தது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிப் பலகையிலேயே ஓடும் அளவுக்குச் சின்னது என்பதால் ஃபேக்டரிக்கும் நன்றாகப் பொருந்துகிறது. கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் கீழே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், எந்தக் கோப்பைத் திருத்துகிறோம் என்று உறுதி செய்யுங்கள். டெபியன் (லினக்ஸின் ஒரு வகை) தொகுப்பாக நிறுவியிருந்தால் அமைப்புக் கோப்பு எட்க் கோப்புறையில் ஈலாக்.கான்ஃப் என்று இருக்கும். மூல நிரலிலிருந்து நிறுவியிருந்தால் யூஎஸ்ஆர், லோக்கல், ஈலாக் என்ற பாதையில் ஈலாக்டி.சிஎஃப்ஜி. இரண்டு முறையும் செய்து பார்த்த கணினியில் இரண்டு கோப்புமே கிடக்கும். ஒன்றைத் திருத்திவிட்டு "மாற்றவே மாட்டேங்குதே" என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்" கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஈலாக்டியின் (பின்னணியில் ஓடும் ஈலாக் நிரல்) முழுக் கட்டளை வரியும் தெரியும். அதில் மைனஸ் சி-க்குப் பின்னால் இருப்பதுதான் உண்மையான கோப்பு. எந்த லினக்ஸ் பயனராக அது ஓடுகிறது என்பதை "பிஎஸ் ஆக்ஸ்" காட்டும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, தடுப்பது எது என்று பிரித்துப் பாருங்கள். உள்ளேயே விடவில்லை என்றால் பாஸ்வேர்ட் ஃபைலையும் லாகின் யூசர் வரியையும் பார்க்க வேண்டும். உள்ளே போக முடிகிறது, ஒரு வேலையை மட்டும் செய்ய முடியவில்லை என்றால் மெனு கமாண்ட்ஸ், அலவ், டினை, ரெஸ்ட்ரிக்ட் எடிட் ஆகிய வரிகள். எல்லாம் செய்து சப்மிட் அழுத்தும்போது கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பிழை வந்தால் ஈலாக்கின் அனுமதிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, லினக்ஸ்தான் தடுக்கிறது. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் அட்மின் பட்டியல் நீள்கிறது.

உள்ளே விடாத பிரச்சினையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பாஸ்வேர்ட் ஃபைல் என்ற வரி குளோபல் பகுதியில் (எல்லா லாக்புக்குக்கும் பொதுவானது) ஒன்றும், ஏதோ ஒரு லாக்புக்கின் பகுதியில் வேறொன்றும் இருந்தால், அந்த லாக்புக்குக்குத் தனி ஆள் பட்டியல் என்று அர்த்தம். குளோபலில் எழுதியதை லாக்புக் பகுதியில் எழுதியது மீறும். பாய்லர் லாக்புக்கில் நுழையும் ஆள் டிரையர் லாக்புக்கில் நுழைய முடியாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தனிப் பட்டியல் வேண்டாம், குளோபலில் ஒன்றே போதும். யார் எந்த லாக்புக்குக்குள் வரலாம் என்பதை லாகின் யூசர் வரியில் காற்புள்ளி போட்டு எழுதினால் போதும்.

மறந்துபோன பாஸ்வேர்டுக்கு அட்மின் கான்ஃபிக் பக்கத்தில் ஆளைத் தேர்ந்து புதியதைப் போடலாம். அட்மினே மறந்துவிட்டால் பாஸ்வேர்ட் ஃபைல் சாதாரண எக்ஸ்எம்எல் உரைதான், கையால் திருத்தலாம். ஆனால் ஈலாக்டியை நிறுத்திவிட்டுத் திருத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பட்டியலை நினைவகத்தில் வைத்திருக்கிறது. அடுத்த ஆள் லாகின் செய்ததும் தன்னிடம் இருப்பதை மேலே எழுதிவிடும், நீங்கள் செய்த திருத்தம் போய்விடும். நிறுத்தி, ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பாஸ்வேர்ட் தெரிந்த வேறொருவரின் குறியாக்கப்பட்ட சரத்தை அப்படியே அட்மினின் இடத்தில் ஒட்டிவிட்டுத் துவக்கினால், அந்த ஆளின் பாஸ்வேர்டிலேயே அட்மினாக நுழையலாம். நுழைந்ததும் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

லாகின் செய்ததும் மறுபடி லாகின் பக்கத்துக்கே திரும்புகிறது என்றால், ஈலாக்குக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி போன்ற வெப் சர்வர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். குளோபல் பகுதியில் யூஆர்எல் வரியில் வெளியிலிருந்து பார்க்கும் முழு முகவரியைக் கொடுக்காவிட்டால் ஈலாக்டி தவறான இடத்துக்குத் திருப்பி அனுப்பும்.

இனி முக்கியமான இடம், எடிட்.

அட்மின் யூசர் என்ற வரியே கோப்பில் இல்லையென்றால் எல்லோரையும் அட்மினாகவே நடத்துகிறது ஈலாக். எனவே அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும், அதில் இரண்டு பேர் போதும். ஒருவர் லீவில் போனால் இன்னொருவர். மெனு கமாண்ட்ஸ் வரியில் இல்லாத வேலை யாருக்குமே கிடைக்காது. டெலீட் அந்தப் பட்டியலில் இருக்கவே வேண்டாம். தப்பான பதிவைத் திருத்தலாம், அழிப்பதற்கு ஃபேக்டரியில் ஒரு காரணமும் இல்லை. டெலீட்டை வைத்தே ஆக வேண்டுமென்றால் "அலவ் டெலீட்" வரியில் அட்மின் பெயரை மட்டும் போடுங்கள்.

தன் பதிவைத் தானே திருத்தட்டும், மற்றவர் தொடக்கூடாது என்பதற்கு வரி இது:

ரெஸ்ட்ரிக்ட் எடிட் = 1

இதை மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பதிவை எழுதியவர் யார் என்பதை ஈலாக் பயனர் எண்ணாகச் சேமிப்பதில்லை, ஆத்தர் என்ற புலத்தில் வெறும் எழுத்தாகச் சேமிக்கிறது. அந்த எழுத்தையும் இப்போது நுழைந்திருப்பவரின் பெயரையும் ஒப்பிட்டுத்தான் எடிட் கொடுப்பதா என்று முடிவு செய்கிறது. ஆகவே பெயரைத் தானாக நிரப்பும் வரியும், கையால் மாற்ற விடாத வரியும் கூடவே வேண்டும்:

ப்ரீசெட் ஆத்தர் = டாலர்-குறி ஷார்ட்_நேம்
ப்ரீசெட் ஆன் ரிப்ளை ஆத்தர் = டாலர்-குறி ஷார்ட்_நேம்
லாக்டு அட்ரிப்யூட்ஸ் = ஆத்தர்

நடுவில் இருக்கும் வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பதிவுக்குப் பதில் எழுதும்போது மூலப் பதிவின் புலங்கள் நகலாகி வரும். காலை ஷிஃப்ட்காரர் "3-ஆம் ட்ரஃப் ஃபேன் சத்தம்" என்று எழுத, மதிய ஷிஃப்ட்காரர் "பெல்ட் மாற்றியாச்சு" என்று பதில் போட்டால், பதிலுக்கும் காலைக்காரர் பெயரே நிற்கும். மதியக்காரரால் தன் பதிலைத் திருத்த முடியாது, காலைக்காரரால் முடியும்! "எனக்கு எடிட் வரல" புகார்களில் இந்த வகையை முதலில் சந்தேகப்படுங்கள்.

முழுப் பெயரை விட்டுவிட்டு லாகின் பெயரை ஆத்தராக வைக்கச் சொல்வதற்குக் காரணம் நம் எல்லைப் பகுதிப் பெயர்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழில் எஸ். முருகன், கேரளத்துப் பதிவில் முருகன் எஸ். ஒரே ஆள்தான். ஆபீஸில் யாரோ ஒருவர் ரேஷன் கார்டைப் பார்த்து முழுப் பெயரைச் சீர்படுத்திய அன்றே, அவர் அதுவரை எழுதிய எல்லாப் பதிவுகளும் அவருக்குப் பூட்டப்பட்டுவிடும். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: ஒரே எஸ்டேட்டில் இரண்டு எஸ். முருகன் இருந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம்.

தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் இன்னும் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. பொன்னுசாமியின் "பொ" யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக இருக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களில் இரண்டாவது வகை வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினி பைட் பைட்டாக ஒப்பிடும்போது வேறு வேறு. சௌந்தரத்தின் "சௌ"வை ஒற்றைக் கொம்போடு ளகரம் சேர்த்து அடிப்பவர்களும் உண்டு. அதனால் லாகின் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தும் பணியாளர் எண்ணும் மட்டும், இடைவெளி இல்லாமல். முருகன்214 என்பதுபோல. முழுப் பெயரைத் தமிழிலோ மலையாளத்திலோ விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும், சார்செட் வரியில் யூடிஎஃப்-8 என்று இருப்பதை மட்டும் உறுதி செய்யுங்கள்.

பழைய பதிவுகளில் தப்பாக நிற்கும் ஆத்தரை மாற்ற, ஈலாக்டியை நிறுத்திவிட்டு லாக்புக் கோப்புறையில் அந்தத் தேதியின் கோப்பைத் திறந்தால் பதிவின் தலைப்பகுதியிலேயே "ஆத்தர்:" என்ற வரி இருக்கும். அதை மட்டும் திருத்துங்கள்.

எடிட் முதலில் வந்தது, மறுநாள் வரவில்லை என்றால் ரெஸ்ட்ரிக்ட் எடிட் டைம் வரியைப் பாருங்கள். அதன் எண் மணிக்கணக்கு. ஃபேக்டரிக்கு 12 சரியாக இருக்கும், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் நினைவு வந்தாலும் திருத்த நேரம் இருக்கும். அட்மினுக்கும் காலக்கெடு வைக்கத் தனி வரி உண்டு.

மூன்றாவது வகை, கோப்பை எழுத முடியாத பிழை. யாரோ சோதனைக்காக ரூட் பயனராக (எல்லா உரிமையும் உள்ள லினக்ஸ் பயனர்) ஈலாக்டியைக் கையால் ஓட்டியிருப்பார்கள். அப்போது உருவான அன்றைய பதிவுக் கோப்பும் பாஸ்வேர்ட் ஃபைலும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். பிறகு சேவையாக ஈலாக் பயனரில் ஓடும்போது அவற்றை எழுத முடியாது. "எல்எஸ் மைனஸ் எல்" போட்டால் உரிமையாளர் பெயர் தெரியும். தீர்வு "சவுன் மைனஸ் பெரிய ஆர் ஈலாக்:ஈலாக்" என்று எழுதி லாக்புக் கோப்புறையையும் பாஸ்வேர்ட் ஃபைலையும் கொடுப்பது. வலைப்பக்கத்திலிருந்து அமைப்பை மாற்ற வேண்டுமானால் அமைப்புக் கோப்பையும். 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுக்காதீர்கள், அந்தக் கணினியில் நுழையும் எல்லோருக்கும் பாஸ்வேர்ட் பட்டியலைத் திறந்து வைப்பதற்குச் சமம். சோதித்துப் பார்க்கும்போது "சூடோ மைனஸ் யூ ஈலாக்" சேர்த்து ஓட்டினால் இந்தச் சிக்கலே வராது. மைனஸ் வி சேர்த்தால் நடப்பதெல்லாம் திரையில் ஓடும்.

உரிமை சரியாக இருந்தும் எழுத முடியவில்லையா? மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் மலைப் பகுதியில் மெமரி கார்டு பழுதாகி, லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றியிருக்கலாம். "மவுண்ட்" கட்டளையில் ஆர்ஓ என்று தெரிந்தால் அதுதான். கார்டை மாற்றுங்கள், யூபிஎஸ் போடுங்கள். பாஸ்வேர்ட் ஃபைல் எழுதும் நடுவில் கரண்ட் போய்க் காலியாகிவிட்டால் ஈலாக் புதுக் கணக்குப் பக்கத்தைத் திறந்துவிடும். முதலில் வருகிறவர் அட்மின் வரியில் இருக்கும் பெயரிலேயே பதிவு செய்துகொண்டால் அவர்தான் அட்மின். அந்தப் பக்கம் எதிர்பாராமல் தெரிந்தால் யாரையும் எதுவும் அடிக்க விடாமல், சேவையை நிறுத்தி நேற்றைய நகலை வையுங்கள். தினமும் நகல் எடுப்பது இதற்காகத்தான்.

ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரி கடிகாரம் கிடையாது. கரண்டும் இணையமும் சேர்ந்து போனால் நேரம் பின்தங்கும், லாகின் காலாவதிக் கணக்கும் திருத்தக் காலக்கெடுவும் தாறுமாறாகும். டிஎஸ்3231 கடிகாரத் தொகுதி ஒன்றைப் பொருத்தினால் போதும்.

பொது டேப்லெட்டுக்கு ஒரு வரி தனியாகத் தேவை. ஒருமுறை லாகின் செய்தால் 31 நாள் வரை நிற்பது ஈலாக்கின் இயல்பு. காலையில் நுழைந்த ஆளின் பெயரிலேயே மூன்று ஷிஃப்டும் எழுதப்படும். லாகின் எக்ஸ்பிரேஷன் = 8 என்று வைத்து, ஷிஃப்ட் மாறும்போது லாகவுட் செய்யப் பழக்குங்கள். "ஷிஃப்ட்-ஏ", "ஷிஃப்ட்-பி" என்று பொதுக் கணக்கு வைத்தால் வசதிதான், ஆனால் ரெஸ்ட்ரிக்ட் எடிட்டுக்கு அர்த்தமே இருக்காது. லாகிங் லெவல் 2 வைத்தால் யார் எப்போது நுழைந்தார், எதை எழுதினார், திருத்தினார் என்பது பதிவுக் கோப்பில் விழும். 3 வைத்தால் பார்த்ததெல்லாம் விழும், கார்டு சீக்கிரம் நிரம்பும்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கைத் தாராளமாக நீக்கலாம். ஆத்தர் எழுத்தாகவே இருப்பதால் அவர் எழுதிய பதிவுகள் அவர் பெயரோடு அப்படியே நிற்கும். அந்தப் பெயரும் எண்ணும் சேர்ந்த லாகினை மட்டும் புதிதாக வருகிறவருக்குக் கொடுத்துவிடாதீர்கள், முருகன்214 மறுபடி உருவான நிமிஷமே பழையவரின் பதிவுகளுக்கெல்லாம் புதியவருக்கு எடிட் கிடைத்துவிடும்.