ஓதம் முதலில் தின்பது உறையைத்தான்: நீலகிரியில் ரெக்கார்டு தேடப் போகிறவர்களுக்கு

நீலகிரிக்குப் பழைய பாட்டு ரெக்கார்டு தேடிப் போக நல்ல காலம் எது என்று கேட்டால், ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரைக்கும் என்றுதான் சொல்வேன். அப்போது மழை இருக்காது, காற்று உலர்ந்திருக்கும். ஜூன் பிறந்தால் கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்கு மழை. அக்டோபர் வந்தால் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை. அந்த மாதங்களில் உறையிலிருந்து தட்டை உருவினால் காகிதம் ஈரத்துணி மாதிரி நெளியும். ஏப்ரல், மே சீசன் வேண்டவே வேண்டாம். சொந்த வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். அதை எடுத்துப் போனாலும் பரணில் கிடக்கும் பெட்டியை இறக்கிக் காட்ட அந்த நெரிசலில் எந்தக் கடைக்காரருக்கும் பொழுது இருக்காது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது மலை ரயில் போதும். குன்னூர் வரை 28 கிலோமீட்டர், 1899-லிருந்து ஓடும் பல்சக்கரப் பாதை. இறங்கும்போது மட்டும் வண்டி வேண்டும். நாற்பது எல்.பி. (பன்னிரண்டு அங்குலப் பெரிய தட்டு) உறையோடு சேர்ந்தால் பத்து கிலோவை நெருங்கும். அந்தப் பெட்டியை மலை ரயில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

மலையில் ஏன் இவ்வளவு ரெக்கார்டு? இங்கே வேலைக்காக வந்து, சில வருஷம் இருந்து, மாற்றலாகிப் போனவர்கள் ஏராளம். எஸ்டேட் பங்களாக்கள், வெலிங்டன் ராணுவக் குடியிருப்புகள், 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் இந்து நகர் குடியிருப்பு என்று எத்தனையோ இடங்கள். வீட்டைக் காலி செய்கிறவர்கள் முதலில் கழிப்பது கனமான சாமானைத்தான். அதனால் 'ரெக்கார்டு இருக்கா' என்று கேட்பதைவிட, பழைய மரச்சாமான் விற்கிறவரிடம் ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒரே பெட்டியில் சேர்ந்த ரேடியோகிராம் இருக்கிறதா என்று கேளுங்கள். அலமாரிபோல நிற்கும் அந்தப் பெட்டியை அவர் தேக்குக்காகவோ ஈட்டிக்காகவோ வாங்கியிருப்பார். ரெக்கார்டு வைக்கும் கீழறையைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்.

இன்னொரு வழி கோத்தகிரி, கூடலூர் பக்கம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காக 1968-ல் தொடங்கியதுதான் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். உறையில் கொழும்புக் கடை முத்திரை கண்ணில் பட்டால் விலை பேசுவதற்கு முன்னால், அது எப்படி வந்தது என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள்.

கையில் எடுத்ததும் எல்லோரும் தட்டைத்தான் உருவிப் பார்ப்பார்கள். மலையில் அந்த வரிசை தப்பு. தட்டு வினைல் என்ற பிளாஸ்டிக், ஓதத்துக்கு, அதாவது காற்றின் ஈரத்துக்கு, எளிதில் மசியாது. மேலே பூஞ்சை படியலாம், அதைக் கழுவிவிடலாம். உறை வெறும் அட்டையும் பசையும். ஓதம் முதலில் தின்பது அதைத்தான். வாங்கியவர் யார், யாருக்குக் கொடுத்தார், எங்கே ஓடியது என்பதெல்லாம் எழுதியிருப்பதும் அந்த உறைமேல்தான்.

குன்னூரில் கைக்கு வந்த ஒரு ஏழு அங்குலச் சின்னத் தட்டின் (ஈ.பி.) உறையைப் பாருங்கள். பின்பக்கம் நீல மையில் 'தங்கைக்கு' என்றும், அதன் கீழே 'தை, 1971' என்றும் எழுத்து. நடுவில் பெயர் இருந்த இடத்தில் பூஞ்சை விரல் நகம் அளவுக்கு அரித்துவிட்டது. 'தை'யின் கால்மேல் ஏறி ஒட்டியிருக்கிறது ஒரு வெள்ளை எண்சீட்டு: 143, சிவப்பு மை. அதை ஒட்டி மைக் செட்காரரின் ஊதா ரப்பர் முத்திரை, பாதி மங்கியது. மையின் மேல் சீட்டு இருப்பதால் முன்பின் தெரிந்துவிடுகிறது. முதலில் பரிசு, பிறகு கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகை ஓட்டம்.

தட்டின் நிலைமையையும் அந்தச் சீட்டே சொல்லிவிடும். மைக் செட் ரெக்கார்டுகள் பெரும்பாலும் முள்ளைத் தாங்கும் கனமான கிறிஸ்டல் தலையில், தேய்ந்த முள்ளில் ஓடியவை. இன்றைய முள், பாட்டு பதிந்த பள்ளத்தின் மேல் 1.5 முதல் 3 கிராம் வரை அழுத்தும். அந்தக் காலத்துத் தலைகளின் அழுத்தம் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அதனால் ஊரே கேட்ட பாட்டு இருக்கும் பக்கம் சாம்பல் பூத்திருக்கும், மறுபக்கம் புதிதுபோல மின்னும். அந்த மறுபக்கத்துக்காகவே வாங்கலாம்.

இனி தட்டு. செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், நேர் வெளிச்சத்தில் கீறல் ஒளிந்துகொள்ளும். கீறலை நகத்தால் மெல்லத் தடவும்போது தட்டுப்படாவிட்டால் பெரும்பாலும் சத்தம் வராது. தட்டுப்பட்டால் சுற்றுக்கு ஒரு 'டிக்' நிச்சயம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் 1.8 விநாடிக்கு ஒருமுறை, 45-ல் 1.3 விநாடிக்கு ஒருமுறை. குறுக்குக் கீறலைவிடப் பள்ளத்தோடு ஓடும் கீறலுக்குத்தான் பயப்பட வேண்டும். முள் அதில் விழுந்தால் அதே வரியில் மாட்டிக்கொள்ளும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் வெள்ளிக் கோடுகள் நிறைய இருந்தால் அது இருட்டில், அவசரத்தில், பலமுறை போட்ட தட்டு. பிறகு கண்மட்டத்துக்குத் தூக்கி நெளிவு பாருங்கள். கணப்புப் பக்கம் வைத்த பெட்டியில் விளிம்பு அலை அலையாக இருக்கும், அதை வாங்க வேண்டாம். கடைசியாக, உறையில் உள்ள படத்தின் தட்டுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துவிடுங்கள். மாறிக் கிடப்பது சகஜம்.

78 வேகத் தட்டு வேறு சாதி. அது அரக்கு, கண்ணாடிபோல உடையும். விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். எல்.பி. முள்ளில் அதைப் போடக்கூடாது. அதன் பள்ளம் எல்.பி. பள்ளத்தைவிட மூன்று மடங்கு அகலம், சின்ன முள் அடியில் கிடக்கும் குப்பையை உழுதுகொண்டு போகும். அதற்கென்று தனி முள் வேண்டும்.

பூஞ்சையை மலையிலேயே கழுவ நினைக்காதீர்கள். ஈரம் காயாது, லாட்ஜ் ஹீட்டர் முன்னால் நிறுத்தினால் தட்டு வளைந்துவிடும். வெயிலான வராந்தாவில், நிழல் பக்கமாக, முகமூடி போட்டுக்கொண்டு உறையின் தூளை மென்மயிர்த் தூரிகையால் வெளியே தட்டிவிட்டால் போதும். விலைச்சீட்டின் பசையை எடுக்க அங்கே எல்லோரும் சொல்வது நீலகிரித் தைலம். பசை போகும், உண்மைதான். ஆனால் அட்டையில் எண்ணெய்க் கறை நிற்கும், தட்டில் பட்டால் படலமாகித் தூசியைப் பிடிக்கும். சீட்டு அப்படியே இருக்கட்டும்.

இறங்கும் பயணத்தில்தான் பாதி நஷ்டம். குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்தித்தான் வைக்க வேண்டும். தட்டின் முகம் வண்டியின் முன்பின் பார்க்கட்டும், விளிம்பு இடவலமாக இருக்கட்டும். ஒவ்வொரு வளைவும் பக்கவாட்டில் தள்ளுவதால், முகம் இடவலமாக இருந்தால் மொத்தக் கட்டும் சாய்ந்து கடைசித் தட்டை வளைக்கும். காலி இடத்தில் துண்டை மடித்துச் செருகுங்கள். பிளாஸ்டிக் பை மலையில் கிடைக்காது, தடை. அட்டைப்பெட்டியும் துணிப்பையும் கீழேயிருந்தே கொண்டுபோங்கள். மேட்டுப்பாளையத்தில் சாப்பிட இறங்கும்போது பெட்டியை வண்டியில் விட்டுப் போகாதீர்கள். கதவடைத்த வண்டியின் கண்ணாடியோரத்தில் வெயில் வினைலை இளக்கும் அளவுக்குச் சூடேற்றிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறக்க கை பரபரக்கும். மறுநாள் வரை பொறுங்கள். மலைக் குளிரில் இருந்த தட்டின்மேல் சமவெளியின் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும், உறை மறுபடி நனையும்.

கழுவ அரை லிட்டர் கலவை: டிஸ்டில்டு வாட்டர் 400 மில்லி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி, வாசனையில்லாத திரவ சோப்பு இரண்டு சொட்டு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் பள்ளத்தில் உப்பு நிற்கும். லேபிளில் படாமல், பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டாம் முறை அலசி, தட்டு ஸ்டாண்டில் நிறுத்திக் காயவிடுங்கள். அரக்குத் தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டுகூட படக்கூடாது, அரக்கே கரைந்துவிடும். அதற்குத் தண்ணீரும் சோப்பும் மட்டும், உடனே துடைத்துவிட வேண்டும்.

உள்ளுறையைப் புதிதாக மாற்றுங்கள், பழசில் பூஞ்சை விதை ஒட்டிக்கொண்டிருக்கும். மேலுறையை மட்டும் எவ்வளவு கெட்டிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தாளைத் தினம் மாற்றினால் நாலு நாளில் நெளிவு படியும். பிறகு தெளிவான பாலித்தீன் உறை, வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி அலமாரி, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம். பாச்சை உருண்டை கூடாது, அதன் ஆவி வினைலுக்கு ஆகாது.

வாங்கிய ஊர், விற்றவர் சொன்னது, உறையில் படிக்க முடிந்த எழுத்து, படிக்க முடியாமல் போன இடம் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பாலித்தீனுக்கும் அட்டைக்கும் நடுவே செருகிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை அடுத்த மழைக்கே கசிந்து அந்த நீல எழுத்தின்மேல் இறங்கிவிடும்.